சாப்பு எங்கே போச்சு?

சென்னை சாலிகிராமத்தில் நான் உதவியாளனாகச் சேர்ந்த ஸ்டுடியோவில், எங்கள் சார், ஒலியின் உச்சங்களை அமுக்கும் கம்ப்ரஸரைத் தொட்டால் முதலில் கவனிப்பது அதன் அவுட்புட் குமிழைத்தான். த்ரெஷோல்ட், ரேஷியோ இரண்டையும் தோராயமாக வைத்துவிடுவார். பிறகு கம்ப்ரஸரை வழியிலிருந்து விலக்கும் பைபாஸ் பொத்தானை அழுத்துவார், எடுப்பார், மறுபடி அழுத்துவார். இரண்டு நிலையிலும் மீட்டர் முள் ஏறத்தாழ ஒரே இடத்தைச் சுற்றி ஆடும்வரை அவுட்புட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டே இருப்பார். அது முடிந்த பிறகுதான் காதால் கேட்கவே தொடங்குவார். அதற்குள் யாராவது "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டால் கையை உயர்த்தித் தடுப்பார். "இன்னும் லெவல் மேட்ச் பண்ணலப்பா. இப்போ எதுவும் சொல்லாத."

1990களின் பிற்பகுதி அது. டேப் இயந்திரம் ஒரு மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் வந்து இடம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் அலமாரியில் டிபிஎக்ஸ் 160 வகைக் கம்ப்ரஸர் ஒரு ஜோடி இருந்தது. அமெரிக்காவில் டேவிட் பிளாக்மர் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. எவ்வளவு வேகமாகப் பிடிப்பது, விடுவது என்பதற்கான அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் எதுவும் கிடையாது. த்ரெஷோல்ட், கம்ப்ரஷன், அவுட்புட் என்று மூன்றே குமிழ்கள். சார் அதைத்தான் முதலில் கையில் கொடுத்தார். குமிழ் குறைவாக இருந்தால் காது அதிகமாக வேலை செய்யும் என்பது அவர் எண்ணம்.

மட்டம் சமமானதும் என்னைப் பொத்தானருகே உட்காரவைத்து, அவர் கண்ணை மூடிக்கொள்வார். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சில சமயம் அழுத்துவதுபோல் பாவனை செய்து மாற்றாமலும் விடலாம் என்பது உத்தரவு. "இது உள்ள", "இது வெளிய" என்று சொல்லிக்கொண்டே வருவார். எது உள்ளே எது வெளியே என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போனால், அல்லது பிரிக்க முடிந்தும் வெளியே இருப்பதுதான் பிடித்திருந்தால், எழுந்து பேட்ச் கேபிளைப் பிடுங்கிவிடுவார். எத்தனை விலை கொடுத்து வாங்கிய பெட்டியாக இருந்தாலும் அந்தப் பாட்டில் அதற்கு வேலை இல்லை.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று புரிய, கம்ப்ரஸர் செய்கிற வேலையைக் கணக்காகப் பார்க்க வேண்டும். த்ரெஷோல்ட், அதாவது எல்லை, மைனஸ் 20 டெசிபல், ரேஷியோ நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பாடகி ஒரு வரியை ஓங்கி எடுத்து மைனஸ் 8-க்குப் போகிறார். எல்லையை 12 டெசிபல் தாண்டியிருக்கிறார். கம்ப்ரஸர் அதை மூன்றாக்கும். வெளியே வருவது மைனஸ் 17. ஒன்பது டெசிபல் குறைந்துவிட்டது. அந்த ஒன்பதை மேக்கப் கெய்ன் கொண்டு திருப்பி ஏற்றினால் உச்சம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் எல்லைக்குக் கீழே மெதுவாகப் பாடிய வரிகள், மூச்சு, பின்னால் ஓடும் தம்புரா, நாற்காலி நகரும் ஓசை எல்லாம் அதே ஒன்பது டெசிபல் மேலே வந்திருக்கும். உச்சத்தை அளக்கும் மீட்டரில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காதுக்கோ இரண்டாவது வெகு பெரிது. பெரிதாகக் கேட்டதும் மனம் "ஆகா" என்கிறது. அந்த ஆகா கம்ப்ரஷனுக்கா, ஒன்பது டெசிபலுக்கா என்று யாராலும் அப்போது சொல்ல முடியாது.

காதின் இந்தக் குணம் பழைய ஆராய்ச்சியில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-ல் வெளியிட்ட வரைகோடுகள் அதைக் காட்டுகின்றன. ஒலி மெல்லியதாக இருக்கும்போது அடிக்குரல் பகுதியும் மேல்நுனிப் பகுதியும் நம் காதுக்குக் குறைவாகவே எட்டும். மொத்த ஒலியைக் கூட்டக் கூட்ட அவை தம் இடத்துக்கு வந்து சேரும். ஆகவே எதையும் சற்று ஏற்றிக் கேட்டால் அது கனமாகவும் பளிச்சென்றும் தோன்றும். ஒலி இரு மடங்கானதுபோல் தோன்றப் பத்து டெசிபல் அளவு வேண்டும். அது எவருக்கும் தெரிந்துவிடும். ஆபத்து அரை டெசிபல், ஒரு டெசிபலில் இருக்கிறது. அந்த அளவில் "சத்தம் கூடிவிட்டது" என்று மனசுக்கு உறைக்காது. "கொஞ்சம் தெளிவா இருக்கே, கொஞ்சம் முன்னால வருதே" என்றுதான் படும். கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் டெசிபலில் பத்தில் ஒரு பங்குவரை மட்டத்தைச் சமன்செய்ய முயல்வது இதனால்தான்.

இதையெல்லாம் புத்தகத்தில் நான் படித்தது பின்னால். காதில் ஏறியது ஒரு மிருதங்கப் பதிவின்போது.

பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு மிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. வாசித்த வித்வான் வயதானவர். தன் வாசிப்பு எப்படி வந்திருக்கிறது என்று கேட்க அவரே வந்து கண்ட்ரோல் ரூம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், வலது பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடது பக்கமான தொப்பிக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரு கம்ப்ரஸருக்குள் அனுப்பியிருந்தோம். இதற்கு அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் உள்ள வேறொரு பெட்டி. உள்ளே போட்டதும் அறையே நிமிர்ந்தது. தொப்பியில் எழும் கும்கி ஓசை வயிற்றில் இறங்கியது. இசையமைப்பாளரின் உதவியாளர், தயாரிப்பாளரின் ஆள், நான், எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. சார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவுட்புட்டைக் குறைக்க ஆரம்பித்தார். முள் சமமாகும்வரை குறைத்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

வித்வான் முன்னால் சாய்ந்தார். "தம்பி, சாப்பு எங்கே போச்சு?"

அதுவரை யாருக்கும் கேட்காத ஒன்று அது. வலந்தலையின் நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணையில் சாப்பு என்ற அடி விழும்போது முதலில் ஒரு வெட்டு, அதன் பின்னால் ஒரு நாதம். அட்டாக் மிக வேகமாக இருந்ததால் அந்த வெட்டு வெளியே தலைகாட்டுவதற்குள் கம்ப்ரஸர் அதை அமுக்கிவிட்டது. நாதம் மட்டும் பின்னால் மினுங்கியது. அதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. ரவை பூசிய தொப்பியின் அடிக்குரலில் சக்தி அதிகம்; ஒவ்வொரு கும்கியும் கம்ப்ரஸரை இழுத்துக் கீழே அமர்த்த, அது மீண்டு எழுவதற்குள் அடுத்து வரும் வலந்தலைச் சொற்கள் மங்கலாகப் போய்க்கொண்டிருந்தன. சத்தம் கூடியிருந்தபோது இந்த இரண்டு குறையும் கனத்துக்குள் ஒளிந்திருந்தன. மட்டம் இறங்கியதும் அம்மணமாக வெளியே வந்துவிட்டன.

சார் அட்டாக்கைத் தளர்த்தினார். வெட்டு உள்ளே நுழைந்து வெளியேறும்வரை விட்டுவிட்டு அதன் பிறகு பிடிக்கிற அளவுக்கு. பிறகு தொப்பியின் மைக்கைக் கம்ப்ரஸரிலிருந்து பிரித்துத் தனியாக நேரே கன்சோலுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவுட்புட்டைத் திரும்பச் சமன்செய்தார். இதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். அட்டாக்கைத் தளர்த்தினால் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் மட்டம் ஏறுகிறது. எந்தக் குமிழைத் தொட்டாலும் மட்டம் நகரும். ஆகவே தொட்ட ஒவ்வொரு முறையும் அந்தச் சடங்கு மறுபடி நடந்தாக வேண்டும். கடைசியில் வித்வான் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அவருக்கு டெசிபலும் தெரியாது, ரேஷியோவும் தெரியாது. தன் விரல் செய்தது என்ன என்று தெரியும். மட்டம் சமமாக இருந்ததால்தான் அந்த அறிவை எங்களுக்குச் சொல்ல அவரால் முடிந்தது.

பிறகு ப்ளக்-இன்கள் வந்தன. பெட்டிகள் திரைக்குள் போய்விட்டன. 1960களில் பில் புட்னம் உருவாக்கிய 1176-இன் நகலும், டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ-வின் நகலும் கல்லூரி மாணவனின் மடிக்கணினியிலேயே கிடைக்க ஆரம்பித்தன. 1176-இல் த்ரெஷோல்ட் குமிழே இல்லை. இன்புட்டைத் திருப்பித்தான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மட்டமும் கூடவே ஏறும். அசல் பெட்டியின் குணமே அது. நகலிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். எல்ஏ-2ஏ-வில் இரண்டே முக்கியக் குமிழ்கள், ஒன்று அமுக்க, ஒன்று ஏற்ற. ஏற்றும் குமிழைத் தாராளமாகத் திருப்பிவிட்டு "அந்தக் காலத்து வெதுவெதுப்பு" என்று மயங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெதுவெதுப்பு உண்மையிலேயே அதில் உண்டு. அது எவ்வளவு என்று தெரிய மட்டத்தைச் சமன்செய்து கேட்க வேண்டும்.

ப்ளக்-இன்களோடு ஆட்டோ மேக்கப் என்ற பொத்தானும் வந்தது. பல இளைஞர்கள் இதைத்தான் தானியங்கிச் சமன் என்று நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். இரண்டும் முற்றிலும் வேறு. பழைய வகை ஆட்டோ மேக்கப் பாட்டைக் கேட்பதே இல்லை. குமிழ்கள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்கிறது. த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ நாலு என்றால், பூஜ்யத்தில் வரும் ஒலி பதினைந்து டெசிபல் குறையும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பதினைந்தையோ அதில் பாதியையோ ஏற்றிவிடுகிறது. பாடகி மைனஸ் 30-ல் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தால் குரல் எல்லையைத் தொடவே இல்லை, கம்ப்ரஸர் ஒரு துளியும் வேலை செய்யவில்லை. ஆனாலும் ஏழெட்டு டெசிபல் ஏறி வெளியே வரும். கேட்பவர் "குரல் எவ்வளவு நெருக்கமா வந்திருச்சு பாருங்க" என்பார். நெருக்கம் உண்மை. அதைத் தந்தது வெறும் வால்யூம்.

அந்த ஆண்டுகளில் எங்கள் தொழிலில் எல்லாமே மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. 1994-ல் வந்த வேவ்ஸ் எல்1 லிமிட்டரில் த்ரெஷோல்டைக் கீழே இழுத்தால் பாட்டு தானாக மேலே ஏறும். கருவியின் அமைப்பே அப்படி. சி.டி.யை காரில் போட்டுப் பார்த்துவிட்டு "பக்கத்துப் பாட்டு இன்னும் சத்தமா இருக்கு" என்று திரும்பி வருகிற தயாரிப்பாளர்களுக்கு அது வரப்பிரசாதம். 2008-ல் வந்த மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் தொகுப்பு இந்தப் போட்டியின் உச்சம் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற விளையாட்டில் இத்தனை நசுக்கப்படாமல் இருந்ததை ரசிகர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் சிலர் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து கேட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எங்கள் சார் மட்டத்தைச் சமன்செய்து கேட்கும் சோதனையை, ஸ்டுடியோவுக்குள் காலே வைத்திராத ரசிகர்கள் செய்துவிட்டார்கள்.

அளவுகோல் ஒன்று அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் பிஎஸ் 1770 என்ற விதிமுறையை வெளியிட்டது. காது கேட்கும் விதத்தை ஓரளவு பின்பற்றி, சராசரி உரப்பை அளக்கும் முறை அது. இன்று எல்லோரும் எல்யூஎஃப்எஸ் என்று சொல்லும் எண் அதிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010-ல் ஒளிபரப்பின் உரப்பை மைனஸ் 23 என்று நிர்ணயித்தார்கள். இணையத்தில் பாட்டு கேட்கும் சேவைகளும் ஒவ்வொரு பாட்டையும் அளந்து ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர ஆரம்பித்தன. ஒளிபரப்புக்காகச் செய்த இந்த அளவுகோல் கம்ப்ரஸருக்குள் நுழைந்தபோதுதான் உண்மையான தானியங்கிச் சமன் வந்தது. உள்ளே வருவதை அளக்கிறது, வெளியே போவதை அளக்கிறது, வித்தியாசத்தைத் தானே கழித்துவிடுகிறது. குமிழ்களைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்கிறது.

முதல்முறை அப்படி ஒன்றைப் போட்டு ஓட்டியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது. சார் பாதி இரவைச் செலவழித்த வேலை, நான் அட்டாக்கைத் திருப்பத் திருப்பத் தானாக நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு மாற்றத்தைச் செய்து, மட்டத்தைத் திருத்தி, மறுபடி கேட்பதற்குள் முன்னால் கேட்டது நினைவிலிருந்து நழுவிவிடும். இப்போது அட்டாக் ஐந்து மில்லி நொடியிலிருந்து முப்பதுக்குப் போகும் வழி முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க முடிந்தது. வெட்டு எந்த இடத்தில் உயிர்பெறுகிறது என்று காதே சுட்டிக்காட்டியது.

ஆனாலும் அதை முழுக்க நம்பிவிட முடியாது. சில ப்ளக்-இன்கள் பாட்டு ஓடும்போதே இடைவிடாமல் மட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். பல்லவி மெதுவாகவும் சரணம் ஓங்கியும் இருக்கும் பாட்டில் இது பெரிய தொல்லை. சரணத்தில் கம்ப்ரஸர் எவ்வளவு அமுக்குகிறதோ அவ்வளவையும் இது ஏற்றிக்கொடுக்கும். ஏற்றத்தாழ்வைக் குறைக்கத்தான் கம்ப்ரஸரையே போட்டோம். அந்தக் குறைப்பை இது பின்னால் நின்று அழித்துவிடுகிறது. மெல்ல நகரும் இரண்டாவது கை ஒன்று ஃபேடரில் இருப்பதுபோல. அதனால் பாட்டின் ஒரு பகுதியைத் தேர்ந்து, அதை ஒருமுறை அளக்கவைத்து, வந்த எண்ணைப் பூட்டிவிடும் வசதி உள்ளதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். எந்தப் பகுதியைத் தேர்வது என்பதைக் கருவி சொல்லாது. கம்ப்ரஸர் எங்கே உண்மையாக வேலை செய்கிறதோ அந்தப் பகுதி.

இன்னொரு சிக்கல் அளவுகோலிலேயே இருக்கிறது. பிஎஸ் 1770 முறை ஆழ்ந்த அடிக்குரலுக்கு மதிப்பைக் குறைத்து, மேல்பகுதிக்குச் சற்றே கூட்டி எண்ணுகிறது. முழுப் பாட்டுக்கு அது பொருந்தும். தவிலுக்கோ மிருதங்கத்தின் தொப்பிக்கோ அத்தனை பொருந்தாது. எண்கள் சமம் என்று திரை சொல்லும். ஒன்றில் கும்கி வீங்கியிருப்பது வயிற்றுக்குத் தெரியும். மேலும் அது சராசரியின் சமன். சராசரி சமமாக இருக்கும்போது அழுத்தப்படாத ஒலியின் உச்சங்கள் பெரும்பாலும் மேலே நிற்கும். உச்சங்களைச் சமன்செய்தாலோ அழுத்தப்பட்டது பெரிதாகிவிடும். எதைச் சமன்செய்கிறோம் என்பதே ஒரு தீர்ப்பு. குரலுக்கு, நீண்டு நிற்கும் உயிரெழுத்துகளின் மட்டத்தைக் கொண்டு சமன்செய்வேன். தாளக் கருவிக்கு எண்ணை வைத்துத் தொடங்கி, கடைசி அரை டெசிபலைக் காதிடம் விட்டுவிடுவேன்.

சமன்செய்வது, தீர்ப்புச் சொல்லும் நேரத்துக்கு மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் சிலர் சமன் பொத்தானைப் போட்டுவிட்டு அப்படியே மிக்ஸை முடித்துவிடுகிறார்கள். பாட்டுக்குள் குரல் முன்னால் நிற்க வேண்டுமென்றால் அதை ஏற்றத்தான் வேண்டும். உச்சங்களை அடக்கி, கருவிகளுக்கு மேலே குரலை ஏற்றி வைக்க இடம் உண்டாக்குவது கம்ப்ரஸரின் நியாயமான வேலை. தேர்ந்தெடுத்து முடித்த பிறகு ஃபேடரைக் கையில் எடுக்க வேண்டும். அப்போது ஏற்றுகிற ஒவ்வொரு டெசிபலும் தெரிந்தே ஏற்றுவதாக இருக்கும்.

சினிமா மிக்ஸ் அறைகளில் இந்தத் தெளிவு வேறு வழியில் வந்தது. அங்கே ஸ்பீக்கரின் அளவு 85 டெசிபல் என்ற கணக்கில் முன்பே நிர்ணயமாகிவிடும், யாரும் வால்யூமைத் தொட மாட்டார்கள். அந்த அறையில் பல மாதம் உட்கார்ந்தவருக்கு வசனம் எவ்வளவு உரக்க இருக்க வேண்டும் என்பது உடம்பிலேயே பதிந்துவிடும். 2000-ல் பாப் கட்ஸ் தன் கே-சிஸ்டத்தை முன்வைத்து, இசைக்காரர்களும் மானிட்டர் அளவை நிலையாக வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டது இதே நோக்கத்தில்தான். எங்கள் சார் அதைப் படித்தவரில்லை. ஆனால் எங்கள் கன்சோலின் மானிட்டர் குமிழில் அவர் போட்ட பென்சில் கோடு அதற்கும் முந்தியது. அதைத் தாண்டி யார் திருப்பினாலும் ஒன்றும் பேசாமல் திரும்பக் கோட்டுக்குக் கொண்டுவருவார்.

சமீபத்தில் ஒரு தாலாட்டுப் பாடலை மிக்ஸ் செய்தேன். பாடிய பெண்ணின் குரல் மிக மெல்லியது. வரியின் கடைசியில் மூச்சும் குரலும் கலந்து கரையும். எனக்கு உதவியாக இருக்கும் தம்பி, கம்ப்ரஸர் போட்ட ஒன்றும் போடாத ஒன்றுமாக இரண்டு வடிவம் வைத்திருந்தான். போட்டதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. பல்லவியின் கடைசி இரண்டு வரிகளை அளக்கவைத்து, மட்டத்தைப் பூட்டி, திரையை அணைத்துவிட்டு, பொத்தானை நான் கையில் வைத்துக்கொண்டேன். சில தடவை மாற்றியதுமே அவன் கண்ணைத் திறந்துவிட்டான். "அண்ணே, கம்ப்ரஸர் போட்டதுல வரி முடியவே மாட்டேங்குது. கரையுற இடம் நின்னுகிட்டே இருக்கு." ரிலீஸ் வேகமாக இருந்ததால், குரல் அடங்கும் இடத்தில் கம்ப்ரஸர் பிடியை விட்டு அதை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பாடகி எடுத்த முடிவு அந்த அடங்கல். குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காகக் குரலைத் தாழ்த்துகிறாள். அதைத் தூக்கிவிட யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

பல்லவிக்குக் கம்ப்ரஸரை எடுத்துவிட்டோம். சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும் ஓர் இடத்துக்கு மட்டும் வைத்தோம், இரண்டு டெசிபலுக்கு மேல் குறையாதபடி. மற்றதெல்லாம் கையால் ஃபேடரை நகர்த்திப் பதிவுசெய்தது. அதற்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. மாலையில் அந்தப் பெண் வந்து ஒருமுறை கேட்டார். அனுபல்லவியில் ஒரு சொல் வயலினுக்குள் மறைகிறது என்றார். அந்தச் சொல்லை மட்டும் ஒரு டெசிபல் ஏற்றி, மிக்ஸை அனுப்பிவைத்தோம்.